குறையும் சீரமைப்பும்: மார்பகப் பெருக்க அறுவைச் சிகிச்சையின் இக்காலப் போக்குகள் – ஒரு சொல்லாடல் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சை கடந்த அறுபது ஆண்டுகளில் பொருளாலும் முறையாலும் பலமுறை மாறியுள்ளது. பெரிய அளவை நாடிய நிலை தளர்ந்து ‘இயற்கைத் தோற்றம்’ என்னும் வேட்கை வளர்ந்துள்ளது. பொருத்தியவற்றை நீக்கிக்கொள்வதும் தனியொரு போக்காகியுள்ளது. இம்மாற்றங்களுக்கு இடையிலும், பெண்ணுடலில் ஒரு குறை உண்டு என்னும் முன்முடிவு மாறாமல் தொடர்வதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அக்குறையை முதலில் மொழிபவர் யார் என்னும் வினாவை அளவுகோலாகக் கொண்டு மருத்துவ வரலாறு, பெண்ணியத் திறனாய்வு நூல்கள், 2018-ஆம் ஆண்டின் தமிழக அரசுத் திட்டம், தமிழ்க் கலைச்சொற்கள் ஆகியவை இங்கு ஆராயப்படுகின்றன. ‘சீரமைப்பு’ என்னும் ஒரே சொல் வேறுபட்ட பல நிலைகளை மூடிமறைப்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மார்பகப் பெருக்கம், மீளுருவாக்கம், குறை, சீரமைப்பு, சிலிக்கோன் உள்வைப்பு, பெண்ணியத் திறனாய்வு, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

பெண்ணுடல் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியப் பனுவல்களையே களமாகக் கொண்டுள்ளன. சங்கப் பாடல்களில் உடல் வருணனை, பக்தி இலக்கியத்தில் உடல் மறுப்பு, தற்காலப் பெண் கவிஞர்களின் உடல்மொழி என அவ்வாய்வுகள் விரிந்துள்ளன. உடலை நேரடியாக மாற்றியமைக்கும் மருத்துவமும் மொழியால் இயங்குவதே. எது நோய், எது இயல்பு, எது தேவை, எது விருப்பம் என்று வகுப்பவை சொற்கள். அச்சொற்கள் விளம்பரத்திலும், அரசாணையிலும், நோயாளி கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்திலும் செயல்படுகின்றன. ஆகவே அவற்றை ஆராய்வது திறனாய்வின் எல்லைக்கு உட்பட்டதே.

மார்பகப் பெருக்க அறுவையைப் பற்றிய விவாதங்கள் பொதுவாக இரு துருவங்களில் நிற்கின்றன. அதனைப் பெண்ணின் தனியுரிமை என்று ஏற்பது ஒன்று; ஆணாதிக்க அழகுக்கோட்பாட்டிற்கு அடிபணிதல் என்று மறுப்பது மற்றொன்று. இவ்விரண்டும் அறுவையை மேற்கொள்ளும் பெண்ணின் மனநிலையையே விசாரணைக்கு உள்ளாக்குகின்றன. அவளிடம் அவ்விருப்பத்தைத் தோற்றுவித்த சொல்லாடல் விசாரணைக்கு வெளியே நின்றுவிடுகிறது. இக்கட்டுரை அச்சொல்லாடலை முதன்மைப்படுத்துகிறது.

1. குறை மொழியப்பட்ட விதம்

இவ்வறுவையின் தொடக்கம் அழகுக்காக அமைந்ததன்று. 1895-இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்னும் அறுவை மருத்துவர், ஒரு பெண்ணின் மார்பகத்திலிருந்து கட்டியை அகற்றியபின் ஏற்பட்ட வெற்றிடத்தை, அவருடைய உடலின் வேறொரு பகுதியில் இருந்த கொழுப்புக் கட்டியைக் கொண்டு நிரப்பினார். ஓர் இழப்பை ஈடுசெய்வதே அங்கு நோக்கம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி பாரஃபினை உடலுக்குள் செலுத்தும் முறையைத் தொடங்கிவைத்தார். அது மார்பகத்திற்கும் பயன்படுத்தப்பட்டபோது, பாரஃபின் இடம்பெயர்ந்து கட்டிகளையும் புண்களையும் உண்டாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நீர்ம சிலிக்கோனைச் செலுத்தும் வழக்கம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பரவி, அதுவும் அதே வகையான கேடுகளில் முடிந்தது. 1950-களில் செயற்கைப் பஞ்சுகள் பொருத்தப்பட்டன. அவை உடலுக்குள் சுருங்கி இறுகின.

1962-இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ ஆகிய இரு மருத்துவர்கள், சிலிக்கோன் கூழ் நிரம்பிய உறையை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் பொருத்தினர். அப்பெண் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியுள்ள செய்தி ஆய்வுக்கு மிக முக்கியமானது. அவர் மருத்துவமனைக்குச் சென்றது மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்வதற்கு அன்று. மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்றுவதற்கே. புதிய அறுவைக்கு உட்படுமாறு மருத்துவர்களே அவரிடம் எடுத்துரைத்தனர். அவரிடம் இருந்த உடல்சார்ந்த மனக்குறை தம் காதுகளைப் பற்றியது. காதுகளையும் சரிசெய்து தருவதாக மருத்துவர்கள் கூறியபின்னரே அவர் இசைந்தார்.

இன்று உலகெங்கும் பல இலட்சம் பேர் மேற்கொள்ளும் ஓர் அறுவையின் முதல் நிகழ்வில், குறையை மொழிந்தவர் பெண் அல்லர், மருத்துவர். பெண் தன் குறையை வேறோர் உறுப்பில் கண்டாள். மருத்துவம் தன்னால் எதைச் செய்ய இயலுமோ அதில் குறையைக் கண்டது. கருவி முதலில் தோன்றி, அதற்கேற்ற குறை பின்னர் கண்டறியப்பட்டது எனலாம்.

அதே மருத்துவர்கள் 1964-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, இப்பொருள் ‘இயற்கையான தொடுவுணர்வு’ தருவது என்னும் பொருள்பட்ட சொற்கள் இடம்பெற்றிருந்தன. இயற்கை என்னும் சொல் இக்காலப் போக்கின் கண்டுபிடிப்பு அன்று என்பதற்கு இதுவே சான்று. செயற்கைப் பொருள் உடலுக்குள் நுழைந்த நாளிலேயே அதன் விளம்பரச் சொல்லாக ‘இயற்கை’ நுழைந்துவிட்டது.

2. அளவு நோயாக்கப்பட்டமை

1976-இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளை முறைப்படுத்தும் சட்டத்திருத்தம் வந்தது. அதற்கு முன்பே விற்பனையில் இருந்தமையால் மார்பக உள்வைப்புகள் பாதுகாப்பை மெய்ப்பிக்காமலே சந்தையில் தொடர்ந்தன. 1982-இல் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிருவாகம் அவற்றை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்க்க முன்மொழிந்தது. அப்போது அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர்களின் சங்கம் அளித்த விளக்கத்தில், சிறிய மார்பகங்கள் உருக்குறைகள் என்றும், அவை உண்மையில் ஒரு நோயே என்றும், அதற்குச் சிகிச்சை அளிக்காவிடில் பெண்ணின் நல்வாழ்வு பாதிக்கப்படும் என்றும் வாதிடப்பட்டது. இந்நிலைக்கு ‘மைக்ரோமாஸ்டியா’ என்னும் கிரேக்கப் பெயரும் வழங்கியது. அதன் நேர்ப்பொருள் ‘சிறுமார்பு’ என்பது மட்டுமே.

இங்கு மொழியின் தொழிற்பாட்டைப் பிரித்தறிதல் வேண்டும். ‘சிறிய மார்பு’ என்பது ஒரு பண்புத்தொடர். ஒப்பீட்டால் மட்டுமே பொருள் தருவது. அதனைச் செம்மொழி ஒன்றின் வேர்ச்சொற்களால் பெயரிட்டவுடன் அது ஒரு நிலையின் பெயராக மாறுகிறது. நிலைக்குப் பெயர் கிட்டியவுடன் அதற்குரிய நோயாளி தோன்றுகிறாள். நோயாளி தோன்றியவுடன் சிகிச்சை கடமையாகிறது. விருப்பம் தேவையாக மாறும் இந்த மூன்று படிகளிலும் உடலில் எந்த மாற்றமும் நிகழவில்லை. சொல்லில் மட்டுமே மாற்றம் நிகழ்ந்துள்ளது. எலிசபெத் ஹைக்கன் 1997-இல் வெளியிட்ட ‘வீனஸ் என்வி’ என்னும் வரலாற்று நூலும் அழகியல் அறுவை உளவியலின் மொழியைக் கடன்பெற்றுத் தன்னை மருத்துவமாக நிலைநாட்டிக்கொண்டதை விரிவாக விளக்குகிறது. தாழ்வு மனப்பான்மை என்னும் கருத்தாக்கம் இதற்குப் பெரிதும் உதவியது. உடலில் நோயில்லை எனின் உள்ளத்தில் உண்டு. உள்ளத்தின் நோய்க்கு உடலில் அறுவை செய்யலாம் என்பது அதன் தருக்கம்.

1992-இல் அமெரிக்க நிருவாகம் சிலிக்கோன் கூழ் உள்வைப்புகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. புற்றுநோய் முதலியவற்றால் மார்பகத்தை இழந்தோரின் மீளுருவாக்கத்திற்கு அவை தொடர்ந்து கிடைத்தன. உடல்நலமுள்ளோரின் பெருக்கத்திற்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டன. ‘இழப்பு’, ‘குறை’ ஆகிய இரண்டும் வெவ்வேறு என்பதை ஓர் அரசு நிறுவனம் நடைமுறையில் ஏற்ற தருணம் இது. பின்னர் வழக்குகளால் டவ் கார்னிங் நிறுவனம் 1995-இல் திவால் பாதுகாப்பை நாடியது. 1999-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, உள்வைப்புகள் உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களை விளைவிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும், உறை கிழிதல், காப்புறை இறுக்கம், மறு அறுவை முதலிய உள்ளூர்ச் சிக்கல்களே முதன்மையானவை என்றும் முடிவு கூறியது. 2006-இல் சிலிக்கோன் உள்வைப்புகள் மீண்டும் ஏற்கப்பட்டன. அப்போதும் மீளுருவாக்கத்திற்கு வயது வரம்பு இல்லை. பெருக்கத்திற்கு 22 வயது வரம்பாக வைக்கப்பட்டது.

3. இக்காலப் போக்குகள்

இன்றைய போக்குகளை மூன்றாக வகுக்கலாம். அவை மேற்பரப்பு மாற்றம், ‘இயற்கைத் தோற்றம்’, நீக்கம் என்பன.

3.1 மேற்பரப்பு மாற்றம்

உள்வைப்பைச் சுற்றி உடல் தானாகவே ஒரு நார்த்திசு உறையை உருவாக்கிக்கொள்கிறது. அவ்வுறை இறுகினால் வலியும் உருத்திரிபும் ஏற்படும். இதனைக் குறைக்கவும், உள்வைப்பு இடம்புரளாமல் தடுக்கவும் சொரசொரப்பான மேற்பரப்பு உடைய வகைகள் உருவாக்கப்பட்டன. ஒரு சிக்கலின் தீர்வாக வந்த அம்மேற்பரப்பே வேறொரு சிக்கலின் மூலமாகியது. உறையைச் சார்ந்து தோன்றும் அரிய வகை நிணநீர்ப்புற்றுக்கும் உள்வைப்புக்கும் தொடர்பிருக்கலாம் என்று 2011-இல் அமெரிக்க நிருவாகம் அறிவித்தது. 2016-இல் உலக நலவாழ்வு அமைப்பு அதனைத் தனிவகை நோயாக ஏற்றது. 2019 ஏப்ரலில் ஃபிரான்சு மிகுசொரசொரப்பு வகைகளைத் தடைசெய்தது. அதே ஆண்டு சூலையில் அல்லர்கன் நிறுவனத்தின் ‘பயோசெல்’ வகை உலக அளவில் திரும்பப் பெறப்பட்டது. இன்று மருத்துவர்கள் மீண்டும் வழவழப்பான வகைகளையும் நுண்மேற்பரப்பு வகைகளையும் நாடுகின்றனர்.

பொருளின் தரம் குறித்த நம்பிக்கையை உலுக்கிய மற்றொரு நிகழ்வு ஃபிரான்சில் நடந்தது. ‘பொலி இம்ப்ளான்ட் ப்ரோதேஸ்’ என்னும் நிறுவனம் மருத்துவத்திற்கு ஏற்பளிக்கப்படாத தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பயன்படுத்தியது 2010-இல் வெளிப்பட்டது. 2011 திசம்பரில் ஏறத்தாழ 30,000 பெண்கள் அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு ஃபிரெஞ்சு அரசு பரிந்துரைத்தது. நிறுவனர் ழான்-க்லோத் மாஸுக்கு 2013-இல் 4 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்ட பெண்கள் எதற்கு ஒப்புதல் அளித்தார்கள் என்னும் வினாவை இந்நிகழ்வு எழுப்பியது. உள்ளிருக்கும் பொருளே வேறாக இருக்கும்போது, விருப்பம், தெரிவு ஆகிய சொற்கள் பொருளிழக்கின்றன.

3.2 ‘இயற்கைத் தோற்றம்’

1980-களிலும் 1990-களிலும் ஓங்கியிருந்த பேரளவு நாட்டம் இன்று குறைந்துள்ளது. சிறிய உள்வைப்புகளும், பெண்ணின் சொந்த உடற்கொழுப்பை வயிறு, தொடை முதலிய இடங்களிலிருந்து உறிஞ்சி மார்பகத்தில் செலுத்தும் முறையும் விரும்பப்படுகின்றன. இக்கொழுப்பு மாற்ற முறையை 1987-இல் அமெரிக்க ஒட்டறுவைச் சங்கத்தின் குழு ஏற்கவில்லை. புற்றுநோயைக் கண்டறியும் ஊடுகதிர்ப் படங்களைக் கொழுப்பின் சுண்ணப்படிவுகள் குழப்பக்கூடும் என்னும் அச்சம் அதற்குக் காரணமாயிற்று. 2009-இல் அச்சங்கத்தின் மற்றொரு குழு தன் நிலையைத் தளர்த்தியது. செலுத்தப்படும் கொழுப்பின் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிவிடுவதால் கிட்டும் அளவு மிதமானதே.

இப்போக்கு அழகுக்கோட்பாட்டின் தளர்ச்சி என்று வரவேற்கப்படுகிறது. இவ்வரவேற்பு ஆய்வுக்குரியது. செய்யப்பட்டது தெரியக்கூடாது என்பதே ‘இயற்கைத் தோற்றம்’ என்னும் தொடரின் உட்பொருள். முன்னர் பெண்ணிடம் பெரிய மார்பு எதிர்பார்க்கப்பட்டது. இப்போது அழகிய மார்பும் எதிர்பார்க்கப்படுகிறது. அதற்காக உழைத்த தடயம் இருக்கக்கூடாது என்பதும் எதிர்பார்க்கப்படுகிறது. அளவு குறைந்துள்ளது, நிபந்தனை ஒன்று கூடியுள்ளது. மேலும், அறுவையால் உருவாக்கப்பட்ட தோற்றத்திற்கு ‘இயற்கை’ என்னும் பெயர் உரியதாகிவிட்டால், அறுவைக்கு உட்படாத உடலைக் குறிக்க எஞ்சும் சொல் ‘குறை’ ஒன்றே ஆகும்.

3.3 நீக்கம்

பன்னாட்டு அழகியல் ஒட்டறுவைச் சங்கத்தின் கணக்கெடுப்பில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த மார்பகப் பெருக்கம் 2021-இல் கொழுப்பு உறிஞ்சலுக்கு அடுத்த இடத்திற்கு வந்தது. அதே காலப்பகுதியில் உள்வைப்பை நீக்கிக்கொள்ளும் அறுவை தனித்த போக்காகக் கவனம் பெற்றது. சோர்வு, மூட்டுவலி, நினைவுத் தடுமாற்றம் முதலியவற்றைத் தம் உள்வைப்புகளோடு தொடர்புபடுத்திய பெண்கள் அவற்றை ‘உள்வைப்பு நோய்’ என்று அழைத்தனர். இதனை மருத்துவம் இன்னும் ஒரு முறையான நோயறிதலாக வரையறுக்கவில்லை. ஆயினும் 2021 அக்டோபரில் அமெரிக்க நிருவாகம் உள்வைப்புகளுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கையையும், மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து வாசித்துக் கையொப்பமிடும் சரிபார்ப்புப் பட்டியலையும் கட்டாயமாக்கியபோது, இவ்வறிகுறிகளும் அவ்வெச்சரிக்கையில் இடம்பெற்றன. உள்வைப்புகள் வாழ்நாள் முழுமைக்கும் உரியவை அல்ல என்பதும் அதில் தெளிவாகக் கூறப்பட்டது.

‘மைக்ரோமாஸ்டியா’வும் ‘உள்வைப்பு நோயும்’ ஒப்புநோக்கத்தக்கவை. முன்னது, பெண்கள் நோயாக உணராததற்கு மருத்துவச் சங்கம் அளித்த பெயர். பின்னது, பெண்கள் நோயாக உணர்வதற்குத் தாமே அளித்துக்கொண்ட பெயர். முன்னதற்கு மருத்துவ மொழியில் எளிதில் இடம் கிட்டியது. பின்னதற்கு நீண்ட போராட்டத்திற்குப் பின்னரே எச்சரிக்கைக் குறிப்பில் இடம் கிட்டியது. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளி சான்றுகளின் அளவை மட்டும் பொறுத்ததன்று. மொழிபவரின் அதிகாரத்தையும் பொறுத்தது.

4. பெண்ணியத் திறனாய்வின் இரு நிலைகள்

நவோமி வுல்ஃப் 1990-இல் எழுதிய ‘தி பியூட்டி மித்’ என்னும் நூல், பெண்கள் சட்டத்தாலும் கல்வியாலும் பெற்ற முன்னேற்றத்தை அழகுக்கோட்பாடு வேறு வழியில் பறித்துக்கொள்கிறது என வாதிட்டது. அறுவைத் தொழிலின் வணிக நலனை அம்பலப்படுத்தியது இந்நூலின் வலிமை. அறுவையை நாடும் பெண்ணை ஏமாற்றப்பட்டவளாக மட்டும் காண்பது அதன் வரம்பு.

கேத்தி டேவிஸ் 1995-இல் வெளியிட்ட ‘ரீஷேப்பிங் த ஃபீமேல் பாடி’ இவ்வரம்பைக் கடக்க முயன்றது. அவர் நெதர்லாந்தில் அறுவையை மேற்கொண்ட பெண்களிடம் நேர்காணல் நடத்தினார். அந்நாட்டில் அக்காலத்தில் பொதுக் காப்பீடு சில அழகியல் அறுவைகளின் செலவை ஏற்றது. தம் உடல் இயல்பின் எல்லைக்கு வெளியே உள்ளது என்று காப்பீட்டு அலுவலரிடம் பெண் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பெண்கள் பேரழகியராக விரும்பவில்லை, பிறரைப் போல் சாதாரணமாக இருக்கவே விரும்பினர் என்பது டேவிஸின் முடிபு. அவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர்; தம் சூழலின் நெருக்கடிகளை அறிந்து தெரிவு செய்தவர்கள் என்கிறார் அவர்.

டேவிஸின் அணுகுமுறை பெண்ணின் சொல்லுக்கு மதிப்பளிப்பதால் ஏற்கத்தக்கது. எனினும் அவர் தரும் சான்றிலிருந்தே மற்றொரு வினா எழுகிறது. அலுவலர் முன் தன் உடலை இயல்புக்குப் புறம்பானது என்று மெய்ப்பிக்கக் கற்றுக்கொண்ட பெண், அம்மொழியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வீடு திரும்ப இயலுமா? உதவி பெறுவதற்கான நிபந்தனையாகக் குறையை மொழியவேண்டியிருக்கும்போது, அம்மொழி பெண்ணின் சொந்த மொழியாக மாறிவிடுகிறது. தெரிவு உண்மையானதே, ஆனால் தெரிவுக்குரிய சொற்கள் முன்னரே பிறரால் ஆக்கப்பட்டவை.

இவ்விடத்தில் ஆட்ரி லார்ட் 1980-இல் வெளியிட்ட ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ என்னும் நூல் இன்றியமையாததாகிறது. புற்றுநோயால் ஒரு மார்பகத்தை இழந்த கறுப்பினக் கவிஞரான லார்ட், செயற்கை மார்பை அணிய மறுத்தார். மருத்துவரின் அலுவலகத்திற்கு அவர் அதை அணியாமல் சென்றபோது, பிற நோயாளிகளின் மனவுறுதியைக் கருதியேனும் அணியவேண்டும் என்று செவிலியர் ஒருவர் வற்புறுத்தியதை அவர் பதிவு செய்துள்ளார். இழப்பை மறைப்பது அவருக்கு ஆறுதலாகத் தோன்றவில்லை. இழப்புற்ற பெண்கள் ஒருவரையொருவர் இனங்காண இயலாதவாறு செய்யும் மௌனமாகத் தோன்றியது. 2020-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் தன் கலைச்சொல் அகராதியில், மீளுருவாக்கம் செய்யாமல் மார்புச்சுவரைச் செம்மையாக மூடும் முறைக்கு ஒரு தனிப்பெயரைச் சேர்த்தது. மீளுருவாக்கத்தை மறுத்தல் என எதிர்மறையால் மட்டுமே குறிக்கப்பட்ட ஒன்று உடன்பாட்டுப் பெயர் பெற்றது. பெயர் வந்தபின் அது மறுப்பாக இல்லாமல் ஒரு தெரிவாகிறது.

5. தமிழகச் சூழல்: 2018-ஆம் ஆண்டுத் திட்டம்

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஏழை மக்களுக்கு மார்பகப் பெருக்கம் உள்ளிட்ட அழகியல் அறுவைகளை இலவசமாக வழங்கும் பிரிவைத் தமிழக அரசு தொடங்கியது. இவ்வசதியை ஏழைகளுக்கு மறுப்பானேன் என்றும், மறுத்தால் அவர்கள் ஆபத்தான வழிகளையோ பெருங்கடனையோ நாடக்கூடும் என்றும் அரசுத் தரப்பில் காரணம் கூறப்பட்டது. உயிர்காக்கும் பணிகளுக்கே பொதுநிதி முன்னுரிமை பெறவேண்டும் என்று எதிர்த்தோர் கூறினர். இச்செய்தி உலக ஊடகங்களில் வியப்போடும் எள்ளலோடும் வெளியிடப்பட்டது.

எள்ளல் எளிது. எனினும் அரசின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. பணம் படைத்தோர் செய்துகொண்டால் விருப்பம், ஏழை செய்துகொண்டால் ஆடம்பரம் என்னும் இரட்டை அளவுகோலை அது மறுக்கிறது. மேலும், மார்பின் மிகு எடையால் தோள்வலியும் முதுகுவலியும் உறும் பெண்களுக்கான குறைப்பு அறுவை, புற்றுநோய்க்குப் பிந்திய மீளுருவாக்கம் ஆகியவை பொது மருத்துவமனையில் கிட்டுவது உழைக்கும் பெண்களுக்குப் பெரும் பயன் தருவதே. சிக்கல் இவையனைத்தும் ‘அழகு சிகிச்சை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் பேசப்பட்டதில் உள்ளது. வலிக்கான அறுவையும் விருப்பத்திற்கான அறுவையும் ஒரே பெயர் பெற்றதால், ஆதரித்தோர் வலியைக் காட்டி விருப்பத்தை நியாயப்படுத்தினர்; எதிர்த்தோர் விருப்பத்தைக் காட்டி வலியையும் புறக்கணித்தனர்.

இலவசம் என்னும் சொல்லும் கருதத்தக்கது. சிலிக்கோன் உறை ஓசையின்றிக் கிழியக்கூடும் என்பதால், பொருத்திய 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் முறையும், அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்யவேண்டும் என்பது அமெரிக்க நிருவாகத்தின் இக்காலப் பரிந்துரை. பலருக்குப் பின்னாளில் மாற்று அறுவையோ நீக்க அறுவையோ தேவைப்படும். ஆகவே இது ஒரு நாளில் முடியும் அறுவை அன்று. வாழ்நாள் முழுதும் தொடரும் மருத்துவ உறவு. தினக்கூலியை இழந்து மருத்துவமனைக்கு வரவேண்டிய ஒரு பெண்ணுக்கு, முதல் அறுவை இலவசம் என்பதைவிட அதன்பின் வரும் இருபது ஆண்டுகள் எத்தகையவை என்பதே முதன்மையான செய்தி. அச்செய்தி அவளுக்குத் தமிழில் சொல்லப்படவேண்டும். இங்குதான் கலைச்சொல் சிக்கல், ஒரு பெண்ணின் உடல்நலச் சிக்கலாக மாறுகிறது.

6. ‘சீரமைப்பு’ என்னும் சொல்

தமிழ் நாளிதழ்களிலும் மருத்துவமனை விளம்பரங்களிலும் ‘மார்பகச் சீரமைப்பு’ என்னும் தொடர் புற்றுநோய்க்குப் பிந்திய மீளுருவாக்கத்திற்கும், நலமுள்ள மார்பகத்தைப் பெரிதாக்குவதற்கும் வழங்குகிறது. ‘சீர்’ என்பது ஒழுங்கு, செம்மை, சிறப்பு ஆகிய பொருள்களைத் தரும். சீரமைத்தல் எனின் சீர்குலைந்த ஒன்றை மீண்டும் ஒழுங்கிற்குக் கொணர்தல். சாலை சீரமைக்கப்படுவது அது பழுதுற்றமையால். இச்சொல்லை நலமுள்ள உடலுக்கு வழங்கும்போது, அவ்வுடல் முன்னர்ச் சீர்குலைந்து இருந்தது என்னும் பொருள் சொல்லப்படாமலே உணர்த்தப்படுகிறது. 1982-இல் அமெரிக்கச் சங்கம் நீண்ட விளக்கத்தால் நிறுவ முயன்றதைத் தமிழில் ஒரே சொல் நிறைவேற்றிவிடுகிறது. ‘மார்பக மேம்பாடு’ என்னும் வழக்கும் இத்தகையதே. மேம்படாத நிலை கீழானது என்பது அதன் உட்கோள்.

‘பிளாஸ்டிக்’ அறுவையை ‘நெகிழி அறுவை’ என்று மொழிபெயர்ப்பதும் பிழையே. எடுவார்ட் சைஸ் 1838-இல் இத்துறைக்கு எழுதிய ஜெர்மானியக் கையேட்டின் தலைப்பிலேயே இச்சொல் உள்ளது. செயற்கை நெகிழி அப்போது தோன்றவில்லை. கிரேக்க மூலத்தில் அதன் பொருள் உருவாக்குதல், வனைதல் என்பதே. அவ்வகையில் ‘ஒட்டறுவை’ என்னும் வழக்கு ஏற்கத்தக்கது.

தமிழ் மரபு இவ்வுறுப்பைக் குறையின் மொழியால் மட்டும் பேசவில்லை என்பது நினைவுகூரத்தக்கது. மகன் புறமுதுகிட்டான் எனின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என வஞ்சினம் கூறும் முதியவளைப் புறநானூற்றின் 278-ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டுகிறார். சிலப்பதிகாரக் கண்ணகியின் சினத்திற்கு அதுவே கருவி. காரைக்காலம்மையார் வற்றிய மார்புடைய பேயுருவைத் தம் அடையாளமாக விரும்பி ஏற்றார். 2002-இல் குட்டி ரேவதி ‘முலைகள்’ என்னும் தலைப்பில் கவிதைத் தொகுப்பை வெளியிட்டபோது எழுந்த எதிர்ப்பு, உறுப்பைப் பற்றியதைக் காட்டிலும் அதனைப் பெண் தன் சொல்லால் மொழிந்தமை பற்றியதே.

இதனால் மரபை முழுமையும் போற்றிவிடவும் இயலாது. உலா, கோவை முதலிய சிற்றிலக்கியங்களின் உறுப்பு வருணனைகள் ஓர் ஒற்றை இலட்சிய வடிவத்தை ஓயாமல் மீட்டுரைத்தன. திருவிளையாடற் புராணத்தில் தடாதகைப் பிராட்டியின் மூன்றாம் மார்பு பெற்றோரின் கவலைக்குரிய மிகையாகி, கணவனைக் கண்டதும் மறைகிறது. அங்கும் உடலின் ‘பிழை’யை மொழிபவள் அப்பெண் அல்லள். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இலட்சிய வருணனை அவ்வடிவம் வாய்க்காத பெண்ணைப் பற்றி மௌனம் சாதித்தது, அவளை நோயாளியாக்கவில்லை. அப்பணி இக்கால மருத்துவ வணிகத்திற்கு உரியது.

சொல் மாற்றம் சமூக மாற்றத்திற்கு உதவும் என்பதற்குத் ‘திருநங்கை’ என்னும் சொல் தமிழிலேயே சான்றாக உள்ளது. இழிவுபடுத்தும் பழஞ்சொற்களுக்கு மாற்றாக அது நிலைபெற்றது; 2008-இல் அரசு நல வாரியமும் அமைந்தது. திருநங்கையர் நாடும் மார்பக அறுவையைப் பெருக்கம் என்றோ சீரமைப்பு என்றோ குறிப்பது பொருந்தாது. அங்குக் குறையைப் பிறர் மொழியவில்லை. தன் பாலினத்தை அவரே மொழிகிறார்.

ஆகவே பின்வரும் வேறுபாடுகளைத் தமிழ்க் கலைச்சொற்கள் பேணுதல் வேண்டும்.

– நோயாலோ விபத்தாலோ இழந்ததை மீட்பது: மார்பக மீளுருவாக்கம்.
– நலமுள்ள மார்பகத்தின் அளவை விருப்பத்தால் கூட்டுவது: மார்பகப் பெருக்கம்.
– வலி முதலியவற்றால் அளவைக் குறைப்பது: மார்பகக் குறைப்பு.
– பாலின அடையாளத்திற்கு ஏற்ப மேற்கொள்வது: பாலின உறுதிப்பாட்டு அறுவை.
– பொருத்தியதை அகற்றுவது: உள்வைப்பு நீக்கம்.
– மீளுருவாக்கம் இன்றி மூடுவது: தட்டைமார்பு மூடல்.

முடிவுரை

மார்பகப் பெருக்க அறுவையின் போக்குகள் பாரஃபினிலிருந்து சிலிக்கோனுக்கும், சொரசொரப்பிலிருந்து வழவழப்பிற்கும், பேரளவிலிருந்து இயற்கைத் தோற்றத்திற்கும் மாறியுள்ளன. ஒவ்வொரு மாற்றமும் முந்தையதன் கேட்டிற்குத் தீர்வாகவே வந்தது. மாறாதது ‘குறை’ என்னும் தொடக்கச்சொல். அச்சொல்லை முதல் அறுவையில் மருத்துவர்களும், 1982-இல் மருத்துவர் சங்கமும், நெதர்லாந்தில் காப்பீட்டு முறையும் மொழிந்தன. தமிழில் ‘சீரமைப்பு’ என்னும் சொல் அதனை யாரும் மொழியாமலே உணர்த்துகிறது.

இதனைச் சுட்டுவது அறுவையை மேற்கொண்ட பெண்களைக் குறைகூறுவது ஆகாது. அவர்தம் தெரிவு மதிக்கத்தக்கது. அத்தெரிவு அவர்களுடையதாகவே இருக்கவேண்டுமாயின், இழப்பு, வலி, விருப்பம், அடையாளம் ஆகிய நான்கும் தனித்தனிச் சொற்களால் அவர்கள்முன் வைக்கப்படவேண்டும். மருத்துவமனையில் ஒரு பெண் கையொப்பமிடும் தமிழ்ப் படிவத்தில் ‘சீரமைப்பு’ என்று இருப்பதும் ‘பெருக்கம்’ என்று இருப்பதும் ஒன்றல்ல. முன்னது அவளிடம் பழுது உண்டு என்று கூறிவிட்டே ஒப்புதல் கேட்கிறது. பின்னது செய்யப்போவதைக் கூறி ஒப்புதல் கேட்கிறது. மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் தமிழ்த் துறையினர் மருத்துவர்களோடு இணைந்து இப்படிவங்களின் மொழியை ஆராய்வது, இவ்வாய்வின் தொடர்ச்சியாக அமையத்தக்க உடனடிப் பணியாகும்.